எத்தனை நிமிடம் குழுவின் முன் நிற்பீர்கள்?

வயலின் படிக்கிறவருக்கு வயலின் அறையிலேயே இருக்கிறது. நள்ளிரவில் தூக்கம் வராவிட்டாலும் எடுத்து வாசிக்கலாம். இசைக்குழு நடத்தப் படிக்கிறவரின் வாத்தியமோ நாற்பது மனிதர்கள். அவர்களுக்கு வேறு வகுப்பு இருக்கும், பசிக்கும், மணி அடித்ததும் கிளம்பிவிடுவார்கள். கண்ணாடி முன் நின்று கை வீசிப் பழகலாம். ஆனால் கண்ணாடி தப்பான சுரம் பாடாது, தாமதமாக நுழையாது, வரியின் நடுவில் மூச்சு வாங்காது. அதனால் நடத்துதலில் முனைவர் பட்டம் படிக்க நினைப்பவர், பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் விசாரிப்பதற்கு முன்பே ஒன்றை விசாரிக்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்னை உயிருள்ள குழுவின் முன் நிற்க விடுவீர்கள்? இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கேள்வியில் வந்துதான் முடியும்.

யாருக்கு இந்தப் பட்டம்

அமெரிக்காவில் இதற்கு டி.எம்.ஏ. என்று பெயர், டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ். இந்தியானா பல்கலைக்கழகத்தில் டி.எம். என்பார்கள், படிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இசையில் பிஎச்.டி. என்பது வரலாறு, கோட்பாடு ஆராய்பவர்களுக்கானது. வாசிப்பவர், பாடுபவர், நடத்துபவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேண்டுமென்றால் அவர்களுக்கும் ஒரு உச்சப் பட்டம் தேவைப்பட்டது. 1950களில் அந்தத் தேவைக்காகவே டி.எம்.ஏ. உருவானது. ஹோவர்ட் ஹேன்சன் தலைமையில் இருந்த ஈஸ்ட்மன் இசைப்பள்ளி அதற்காக முன்னின்று வாதாடியது.

இந்தப் பிறப்புக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. இது ஆசிரியராகப் போகிறவரின் பட்டம். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் மேடைக்கு இது நுழைவுச்சீட்டு ஆகாது. பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தார். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் ஃபிரிட்ஸ் ரைனரிடம் படித்தார்; 1943 நவம்பர் 14 அன்று புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒத்திகையே இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் முன் நின்றார். இருவருமே முனைவர் பட்டம் படித்து மேடை ஏறியவர்கள் இல்லை. ஆப்பரா அரங்குதான் உங்கள் கனவு என்றால் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பழைய பாதையைப் பாருங்கள்: பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பழக்கும் கொரெப்பெட்டிட்டராகச் சேர்ந்து, படிப்படியாகக் கபெல்மைஸ்டர், அதாவது அரங்கின் நடத்துநர், ஆவது. அதற்கு அசுரப் பியானோத் திறமை வேண்டும். கல்லூரி மாணவர்களோடு வாழ்நாள் முழுக்க ஒத்திகை செய்வதில் மகிழ்ச்சி காண்பவருக்கு டி.எம்.ஏ. போல் பொருத்தமான படிப்பு வேறில்லை. அந்த மகிழ்ச்சி உங்களுக்கு உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கழித்துக் கேட்பது தாமதம்.

மூன்று வாசல்கள்

ஆர்கெஸ்ட்ரா, விண்ட் பேண்ட், கொயர் என மூன்று பிரிவுகள். விண்ணப்பிக்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

விண்ட் என்பது அமெரிக்காவுக்கே உரிய ஒரு உலகம். அங்கே உயர்நிலைப் பள்ளிகளிலிருந்தே பேண்ட் இருக்கிறது. கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசித்த பிள்ளைகள் கல்லூரியில் அதே கிளாரினெட்டோடு வந்து சேர்கிறார்கள். ஃபிரெடரிக் ஃபென்னல் 1952-இல் ஈஸ்ட்மனில் விண்ட் ஆன்சாம்பிளைத் தொடங்கிய பிறகு அதற்கென்று தீவிரமான இசைத் தொகுதி ஒன்று வளர்ந்தது. ஹோல்ஸ்டின் முதல் சூட்டையும் கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போஸி'யையும் அறியாமல் அந்த வாசலில் நிற்கவே முடியாது. பேண்டில் வாசித்து வளராதவர் இந்தப் பிரிவுக்குள் நுழைவது கடினம். ஆர்கெஸ்ட்ராப் பிரிவில் போட்டி அதிகம், இடங்கள் குறைவு. ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோதான் எடுப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குப் பெரும்பாலும் திறந்திருப்பது கொயர் வாசல். தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலில் பாடி வளர்ந்தவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் நிறைய. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இலிருந்து இயங்குகிறது. அந்தப் பின்னணியைச் சின்னதாக நினைக்காதீர்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆறு வாரம் இருக்கையில், ஸ்கோர் படிக்கத் தெரியாத இருபத்தைந்து பேரை வைத்து நான்கு குரல் பாட்டு ஒன்றை ஏற்றிய அனுபவம் அமெரிக்க மாணவர்கள் பலரிடம் இருக்காது. விண்ணப்பக் கடிதத்தில் எழுத வேண்டியது அதைத்தான்.

நம் கொயர்களில் பலர் டானிக் சோல்ஃபாவில், அதாவது சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையில், வளர்கிறோம். காதுக்கு அது பெரிய வரம், ஆனால் கண்ணுக்குப் போதாது. ஆல்டோ கிளெஃப், டெனர் கிளெஃப், ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட், ஐந்தாம் சுரம் கீழே ஒலிக்கும் எஃப் ஹார்ன் எல்லாவற்றையும் ஸ்கோரில் பார்த்தவுடன் பியானோவில் வாசிக்கச் சொல்வார்கள். கொயர் பிரிவுக்கும் இது உண்டு, ஏனென்றால் பெரிய கொயர் படைப்புகள் ஆர்கெஸ்ட்ராவோடுதான் வருகின்றன. தினமும் இருபது நிமிடம், ஹைடனின் நால்வர் இசையிலிருந்து வயோலா வரியை மட்டும் எடுத்து வாசியுங்கள். ஒரு வருடத்தில் கண் பழகிவிடும்.

தகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள், அதுவும் நடத்துதலிலேயே இருந்தால் நல்லது. இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாக ஏற்பதில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதுநிலையை முடித்த கையோடு முனைவர் படிப்புக்கு ஓடாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு மூன்று வருடம் ஒரு பள்ளியிலோ ஆலயத்திலோ சொந்தமாகக் குழு நடத்திய பிறகு போங்கள். கையில் கேள்விகள் இருப்பவருக்குத்தான் ஆசிரியர் பயன்படுவார்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படிப்பில் ஒரே பேராசிரியரின் கையில்தான் மூன்று நான்கு வருடம் இருப்பீர்கள். அவர் குழு நடத்தும் காணொளிகள் இணையத்தில் கிடைக்கும். கச்சேரியை விட ஒத்திகைக் காணொளியைத் தேடுங்கள். தப்பு வந்தபோது அவர் முகம் எப்படி மாறுகிறது, நிறுத்திவிட்டு முதலில் என்ன சொல்கிறார், திரும்பத் தொடங்குமுன் எத்தனை நொடி எடுக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு அவருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல். பெரும்பாலானவர்கள் பதில் போடுவார்கள். விண்ணப்பத்துக்கு முன்பே இணையவழியில் ஒரு பாடம் எடுக்கச் சம்மதிப்பவர்களும் உண்டு.

அவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் அவருடைய இப்போதைய மாணவர்களிடமும் கேளுங்கள். ஆசிரியர் சொல்லும் நிமிடக் கணக்கும் மாணவர் சொல்லும் நிமிடக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். கணக்கு எளியது. ஒரு கொயர் வாரத்துக்கு நான்கரை மணி நேரம் ஒத்திகை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம், 270 நிமிடம். பேராசிரியர் அதில் 200 நிமிடம் தானே நடத்தி, மீதியை ஐந்து மாணவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினான்கு நிமிடம். இன்னொரு பல்கலைக்கழகம் பெயரில் சிறியது. ஆனால் இரண்டே முனைவர் மாணவர்கள், அவர்களில் ஒருவருக்கு இளநிலை மாணவர் கொயர் ஒன்றையே முழுசாக ஒப்படைக்கிறார்கள். அவருக்கு வாரம் 150 நிமிடம் கிடைக்கிறது. நான்கு வருட முடிவில் இந்த இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பல்கலைக்கழகத்தின் பெயர் நிரப்பாது.

கூடவே இதையும் விசாரியுங்கள்: பேராசிரியர் அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறாரா, ஓராண்டு ஆய்வு விடுப்பில் போகிறாரா? கேட்கத் தயக்கமாக இருக்கும். நானும் தயங்கினேன். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் ஆசிரியர் விடுப்பில் போனார். இடைக்காலத்துக்கு வந்தவர் நல்ல மனிதர், ஆனால் குழுவை மாணவர்களிடம் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நான் பெரும்பாலும் ஸ்கோர் நகல் எடுத்து, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

காணொளி

விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1-ஐ ஒட்டி வரும். அதோடு முன்தேர்வுக் காணொளி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் நேரடி ஆடிஷனுக்கு அழைப்பார்கள். பலருடைய விண்ணப்பம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

என் முதல் காணொளியை ஆலயத்தின் கடைசிப் பெஞ்சிலிருந்து எடுத்தோம். ஒலி அருமை, கொயர் அருமை. எங்கள் கொயர் மாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லாம் சரி. உன் முதுகைப் பார்த்து அவங்க என்ன முடிவு பண்ணுவாங்க?"

"பாட்டு நல்லா வந்திருக்கே ஐயா."

"பாட்டு நம்ம பிள்ளைங்க பாடினது. உன் கையும் முகமும் எங்க?"

மறுபடி எடுத்தோம். கேமரா கொயரின் நடுவில், ஆல்டோக்களுக்கும் டெனர்களுக்கும் இடையே, என் முகத்தைப் பார்த்து. இடுப்பிலிருந்து மேலே முழுக்கத் தெரிய வேண்டும், கை விரிந்தால் சட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துவிடும். கச்சேரிப் பதிவு பாதி, ஒத்திகைப் பதிவு பாதி என்று கேட்பார்கள். ஒத்திகைப் பகுதியை வெட்டி ஒட்டாமல் அப்படியே அனுப்புங்கள். நீங்கள் நிறுத்துவதும், காரணம் சொல்வதும், அடுத்த முறை அது சரியாவதும்தான் அவர்கள் பார்க்க விரும்புவது. முதல் முறையே பிசகில்லாமல் பாடும் குழுவை வைத்து எடுத்த ஒத்திகைக் காணொளியால் உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு மெதுவான படைப்பு, ஒரு வேகமான படைப்பு. ஒன்று லத்தீன் அல்லது ஜெர்மன் மொழியில். தமிழ்ப் பாட்டு ஒன்றையும் சேர்க்கலாம், ஆனால் மூன்றாவதாக.

நேரடி ஆடிஷன்

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை அழைப்புகள் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் காணொளி வழியாகவே முடிவெடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் முடிந்தால் ஒரு முறையாவது நேரில் போங்கள், நீங்களும் அவர்களைச் சோதிக்கத்தானே போகிறீர்கள். ஒரு நாள் முழுக்க நடக்கும்: குழுவோடு இருபது நிமிடம், பேராசிரியர்களின் நேர்காணல், பியானோவில் ஸ்கோர் வாசிப்பு, வேண்டுமென்றே தப்பாக வாசிப்பதைக் கண்டுபிடிக்கும் காதுத் தேர்வு. ஆர்கெஸ்ட்ராப் பிரிவில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். முதல் அடியில் ஓசை கிடையாது, எட்டில் ஒரு பங்கு மௌனம். கோல் அந்த மௌனத்தின் மேல் விழுந்து, அதற்குப் பிறகு எல்லோரையும் ஒன்றாக இழுக்க வேண்டும். இரண்டாவது நிறுத்தம் முதல் நிறுத்தத்தை விட ஒரு அளவு நீளம். அந்த ஐந்து அளவுகளில் ஒருவரின் கை முழுக்க வெளிப்பட்டுவிடும்.

எனக்குக் கொடுத்தது ஆன்டன் புரூக்னரின் 'ஓஸ் யூஸ்டி', 1879-இல் எழுதப்பட்ட, துணை வாத்தியம் இல்லாத கொயர் பாட்டு. ஸ்கோரைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஷார்ப் குறியும் கிடையாது, ஃபிளாட் குறியும் கிடையாது. எஃப் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட லிடியன் முறை. வீட்டில் மேஜையில் வைத்துப் பாடிப் பார்த்தபோது உடனே புரிந்தது: சுர வரிசையில் இது நம் கல்யாணி. அசைவும் கமகமும் இல்லாத வெறும் கல்யாணி. எஃப் ஸட்ஜம் என்றால் பி நேச்சுரல் பிரதி மத்யமம்.

பிப்ரவரி மாதம், வெளியே பனி. நாற்பது பேர் கொண்ட மாணவர் கொயர். எட்டாவது நிமிடத்தில் ஆல்டோக்கள் அந்த பி சுரத்தில் சரியத் தொடங்கினார்கள். மேஜர் ஸ்கேலில் வளர்ந்த காது அது. எஃப் என்றதும் நான்காம் சுரத்தைக் கீழே தள்ளிப் பாடப் பழகியது. "பி-யை உயர்த்துங்கள்" என்று சொன்னேன். அடுத்த முறையும் சரிந்தது. அப்போது பேஸ் குரல்களிடம் எஃப்-ஐ மட்டும் வாய் மூடி நீட்டச் சொன்னேன், தம்புரா மாதிரி. அதன் மேல் ஆல்டோக்களை சி சுரத்தில் நிற்கச் சொல்லி, அங்கிருந்து ஒரே ஒரு அரைச்சுரம் மட்டும் இறங்கி பி-யில் சாயச் சொன்னேன். பஞ்சமத்தில் நின்று பிரதி மத்யமத்தைத் தொடுகிற மாதிரி. இரண்டாவது தடவை அது வந்து உட்கார்ந்தது. அறையின் ஒலியே மாறியது. அவர்களே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். லிடியன் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

ஆனால் அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை. நேர்காணலில் ஒரு பேராசிரியர் தன் குறிப்பேட்டைக் காட்டினார்: இருபது நிமிடத்தில் ஏழு நிமிடம் நான் பேசியிருக்கிறேன். முதல் நான்கு நிமிடம் புரூக்னரைப் பற்றியும் பாட்டின் பொருளைப் பற்றியும். அதனால் நடுவிலிருந்த ஃபியூக் பகுதியை எட்டவே முடியவில்லை. அடுத்த ஆடிஷனில் வணக்கம் சொல்லி, பக்க எண் சொல்லி, இருபதாவது நொடியில் கையைத் தூக்கினேன். நீங்களும் கடிகாரத்தோடு பழகுங்கள். ஒத்திகையைப் பதிவு செய்து, உங்கள் குரல் ஒலிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பணம்

கடன் வாங்கி இந்தப் பட்டம் படிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முடித்த பிறகு கிடைக்கும் கல்லூரி வேலையின் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. நல்ல நிகழ்ச்சித் திட்டங்களில் முனைவர் மாணவர்களுக்கு உதவியாளர் பணி தருவார்கள்: கல்விக் கட்டண விலக்கு, மாத உதவித்தொகை, அதற்கு ஈடாக வாரம் இருபது மணி நேரத்துக்குள் வேலை. அந்த வேலை என்னவென்று கேளுங்கள். ஒரு கொயரை ஒப்படைத்தால் அது வேலையாகவும் படிப்பாகவும் ஆகும். நூலகத்தில் ஸ்கோர் எண்ணுவது வெறும் வேலை.

அழைப்புக் கடிதம் வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கட்டண விலக்கு முழுமையா, உள்மாநில அளவுக்கு மட்டுமா. மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா, தனியா. கோடை மாதங்களில் உதவித்தொகை உண்டா. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்பது மாதப் பணத்தில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டிவரும். எஃப்-1 விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயக் கொயரை நடத்தச் சொல்லிப் பணம் கொடுக்க முன்வருவார்கள். அனுமதி வாங்காமல் ஒப்புக்கொண்டால் விசாவே போய்விடும். சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட ஒரு பொது உடன்பாட்டின்படி, உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வற்புறுத்தக் கூடாது. மார்ச் முதல் வாரத்தில் "நாளைக்குள் சொல்லுங்கள்" என்று யாராவது நெருக்கினால், அந்தத் தேதியைப் பணிவாக நினைவூட்டலாம்.

உள்ளே போன பிறகு

சேர்ந்த வாரத்திலேயே இசைக் கோட்பாடு, வரலாறு இரண்டிலும் தகுதிகாண் தேர்வு வைப்பார்கள். தேறாதவர் கூடுதல் வகுப்பு எடுக்க வேண்டும். அவமானமாக நினைக்க வேண்டாம், பாதிப் பேர் எடுக்கிறார்கள் போலத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு பாடங்கள், இரண்டு மூன்று கச்சேரிகள், ஒரு விளக்கவுரைக் கச்சேரி, முழுமைத் தேர்வு, கடைசியில் ஆய்வேடு. மூன்று நான்கு வருடம் ஓடிவிடும்.

முழுமைத் தேர்வுதான் கடும் மலை. பெயர் மறைத்த ஸ்கோர்ப் பக்கத்தைக் கொடுத்து, யார், எப்போது, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். தேதிகளை மனப்பாடம் செய்வதை விட ஒவ்வொரு படைப்பிலும் கண்ணில் படும் ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்வது உதவும். பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம் முதல் பகுதியில் வயலினே இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 1930 'சிம்பொனி ஆஃப் சாம்ஸ்' முழுவதிலும் வயலினும் வயோலாவும் கிளாரினெட்டும் கிடையாது. பக்கத்தின் இடப்புறம் வாத்தியப் பெயர்களைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். ஒரு படைப்புக்கு ஒரு அட்டை. நான் முதல் ஆண்டிலிருந்தே எழுதினேன், தேர்வுக்குள் முந்நூறு சேர்ந்தது.

ஆய்வேட்டில்தான் பலர் கரை சேராமல் நிற்கிறார்கள். பாடம் எல்லாம் முடிந்து, வேலையும் கிடைத்து, ஊர் மாறிப் போய், ஆய்வேடு மேஜையில் கிடக்கிறது; பல்கலைக்கழகம் வைத்த கெடு தாண்டுகிறது. தலைப்பை முதல் ஆண்டிலேயே தேடத் தொடங்குங்கள், உங்களால் மட்டும் எழுதக்கூடியதாகத் தேடுங்கள். பிராம்ஸைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை நம் ஆலயக் கொயர்கள் நான்கு குரலில் பாடும் விதத்தை எழுத, தமிழும் தெரிந்து ஸ்கோரும் தெரிந்தவர் வேண்டும். சரபோஜி மன்னரின் தஞ்சை அரண்மனையில் மேலை இசைக் குழு இருந்தது; சரஸ்வதி மகால் நூலகத்தில் அந்தக் காலத்து மேலை இசைச் சுவடிகள் இருக்கின்றன. ஒரு பாட்டி தன் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த சோல்ஃபா குறிப்புகூட ஆய்வுப் பொருள்தான்.

வேலை தேடும்போது

இசை, அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் விதிகளின்படி நீட்டிக்கப்பட்ட பயிற்சி அனுமதி கிடைக்கும் அறிவியல் துறைகளில் சேராது. அதனால் படிப்பு முடிந்ததும் பணிப் பயிற்சிக்குப் பன்னிரண்டு மாதம்தான். அதற்குள் வேலை கிடைக்க வேண்டும் என்றால், முடிக்கும் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். சிறிய கல்லூரியில் கொயர் இயக்குநர் என்றால் கொயர் மட்டும் இல்லை: குரல் பயிற்சி, இசை அறிமுக வகுப்பு, பள்ளிகளுக்குப் போய் மாணவர் சேர்ப்பது எல்லாம் உண்டு. அதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்பவர் வேலையில் நிலைப்பதில்லை.

நேர்காணலில் மறுபடியும் ஒரு கொயர் முன் நிறுத்துவார்கள். இந்த முறை முப்பது, நாற்பது நிமிடம். படித்த காலம் முழுக்க நான் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தேன்: தேதி, படைப்பு, நின்ற நிமிடம், முதலில் எதற்காக நிறுத்தினேன், அது சரியானதா. பச்சை அட்டை போட்ட, சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு. நேர்காணல் குழுவில் ஒருவர், பயிற்சியில்லாத மாணவர்களை வைத்து முதல் பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவீர்கள் என்று கேட்டார். நோட்டை எடுத்து, இளநிலைக் கொயரோடு நடத்திய மூன்று ஒத்திகைகளை அப்படியே வாசித்துக் காட்டினேன், இரண்டாவதில் செய்த தப்பையும் சேர்த்து. பிறகு கொயர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். பியானோ வாசிப்பவரிடம் பெயரைக் கேட்டு, தொடக்கச் சுரத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன்.